நாலு தட்டு, ஆறு தூரம்

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு மொட்டைமாடி, நாலு டிஷ் ஆன்டெனா. சூரியனிலிருந்து வரும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையைப் பிடிக்க வேண்டும். எங்கெங்கே நிறுத்துவீர்கள்?

கை தானாகவே சம தூரத்துக்குப் போகும்: 0, 10, 20, 30. அங்கேதான் தவறு தொடங்குகிறது. இது இன்டர்ஃபெரோமீட்டர்: இரண்டிரண்டு தட்டாக ஜோடி சேர்த்து, அவை பிடிக்கும் அலைகளை ஒன்று கலந்து படம் எடுக்கும் கருவி. இதில் அளப்பது தட்டு அல்ல, இரண்டு தட்டுக்கு நடுவே உள்ள தூரம். சம தூரத்தில் ஆறு ஜோடி இருந்தும் 10, 20, 30 என்று மூன்றே தூரம்தான் கிடைக்கும். 10 மட்டும் மூன்று தடவை வரும். எல்லாத் தூரமும் 10இன் மடங்காகவே இருப்பதால் படத்தில் 1.2 பாகைக்கு ஒரு போலிச் சூரியன் முளைக்கும். அதே நாலையும் 0, 5, 20, 30 என வையுங்கள். 5, 10, 15, 20, 25, 30: ஆறு ஜோடிக்கும் ஆறு தூரம், எதுவும் வீணில்லை! போலிகளும் 2.4 பாகைக்குத் தள்ளிப்போகும். ஐந்து தட்டுக்கு இத்தனை கச்சிதம் கணக்கிலேயே கிடையாது.

அடுத்தது திசை. எல்லாவற்றையும் கிழக்கு மேற்காக நிறுத்தினால், மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் சூரியனின் வடக்குத் தெற்கு விவரம் சுத்தமாகக் கிடைக்காது. புனே பக்கம் கோடத் ஊரில் உள்ள ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியில் 30 தட்டுகள், 435 ஜோடிகள். 16 தட்டுகள் ஒய் வடிவில் மூன்று கைகளாகப் பிரிந்து நிற்பது இதற்காகத்தான். மீதி 14 நடுவில் நெருங்கி நிற்கின்றன; குட்டித் தூரங்கள் இல்லாவிட்டால் பரந்து கிடக்கும் வாயு மேகங்கள் படத்தில் விழவே விழாது.

தட்டின் இடத்தை அளப்பதில் 1 சென்டிமீட்டர் பிசகினால் அலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு, 17 பாகை வரை தவறும் (ஒரு முழு அலை 360 பாகை). இரும்பு டேப்பால் அளங்கள். தட்டிலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கோஆக்ஸ் கேபிளுக்குள் அதே அலை சுமார் 14 சென்டிமீட்டராகச் சுருங்கும், அதனால் நாலு கேபிளையும் ஒரே சுருளிலிருந்து ஒரே நீளத்தில் வெட்டுங்கள். கிட்டே இருக்கும் தட்டுக்கு மிச்சத்தைச் சுருட்டி நிழலில் வையுங்கள். காசிமேட்டு உப்புக்காற்று கனெக்டரைத் தின்றுவிடும், ரப்பர் டேப் சுற்றாமல் விடவே கூடாது.

5 மீட்டர் ஜோடியில், இரண்டு தட்டின் அலையும் கலப்பதால் வரும் அலை வரிகள் பளிச்சென்று ஏறி இறங்கும். 30 மீட்டர் ஜோடியில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கோளாறு என்று கழற்றிவிடாதீர்கள். அரைப் பாகை அகலமுள்ள சூரியனை அந்த ஜோடி புள்ளியாகப் பார்க்கவில்லை, வட்டமாகப் பார்த்திருக்கிறது.