ஏழு பேர் ஆட்டத்தில் புலி, பதினைந்தில்?

நேயர்களுக்கு வணக்கம். கென்யா என்றதும் நமக்கு நெடுந்தூர ஓட்டக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நைரோபிக்காரர்களைக் கேட்டால், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பியையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இந்த விளையாட்டைக் கொண்டுபோனவர்கள் பிரிட்டிஷ் குடியேறிகள். நான்டிஸ்கிரிப்ட்ஸ் கிளப் 1923-இல் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகும் கிளப்புகளில் வெள்ளையர் கைதான் ஓங்கியிருந்தது. ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று முவாம்பா கிளப்பைத் தொடங்கியது 1977-இல்தான். ஆனால் ஆட்டத்தை வளர்த்தவை கிளப்புகள் மட்டும் இல்லை. லெனானா, ககமேகா போன்ற பள்ளிக்கூடங்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் செவன்ஸ் வந்தது. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். மைதானம் மட்டும் பதினைந்து பேர் ஆடும் அதே அளவு. வேகமாக ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆட்டம் ஏது? 1996-இல் நைரோபியில் சஃபாரி செவன்ஸ் போட்டி தொடங்கியது. 2009-இலும் 2013-இலும் செவன்ஸ் உலகக் கோப்பையில் கென்யா அரையிறுதி வரை போனது. 2016 ஏப்ரலில் உலகச் செவன்ஸ் தொடரின் சிங்கப்பூர் போட்டியில் நடந்ததுதான் உச்சம். பெஞ்சமின் அயிம்பா பயிற்சியளித்த அணி, இறுதியாட்டத்தில் ஃபிஜியை 30-7 என்று தூக்கி அடித்தது. நான்கு மாதம் கழித்து ஒலிம்பிக் தங்கம் வென்றதும் அதே ஃபிஜிதான்! சிங்கப்பூர் வெற்றிக்கு மறு மாதமே கென்ய வீரர் காலின்ஸ் இஞ்செரா, உலகச் செவன்ஸ் தொடரில் 230 ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) என்ற பழைய சாதனையைத் தாண்டினார்.

சரி, பதினைந்து பேர் ஆட்டம்? உலகக் கோப்பைக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. 2019 உலகக் கோப்பைக்கான கடைசி வாய்ப்பு 2018 நவம்பரில் பிரான்சின் மார்செய்யில் கிடைத்தது. கனடா, ஜெர்மனி, ஹாங்காங் மூவரிடமும் தோற்றார்கள். இரு அணியினரும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் ஆள் கனமாக இருந்தால் மட்டும் போதாது. உடற்பயிற்சிக் கூடம், சாப்பாடு, முழுநேரச் சம்பளம் எல்லாம் வருடக்கணக்கில் வேண்டும். இவை இல்லாமல் வேகத்தை மட்டும் நம்பி 80 நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது.

சம்பளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதே 2018-இல் பாரிஸ் போட்டியில் செவன்ஸ் வீரர்கள், பணப் பிரச்சினைக்காகத் தங்கள் சட்டையிலிருந்த விளம்பரதாரர் சின்னத்தை மறைத்துக்கொண்டு ஆடினார்கள். உலகமே பார்க்கும் அணிக்கே இந்த நிலை என்றால், பதினைந்து பேர் அணிக்கு என்ன மிஞ்சும்?

செவன்ஸிலும் சறுக்கல் வந்தது. 2023-இல் உலகத் தொடரிலிருந்து கீழிறங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் தென்னாப்பிரிக்காவை வென்று பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம் பிடித்தார்கள். ஒலிம்பிக்கிலோ கால் இறுதியைக்கூடக் காணவில்லை. தோற்ற தென்னாப்பிரிக்கா வேறு வழியில் உள்ளே வந்து வெண்கலம் வாங்கியது. திறமை இருக்கிறது, திட்டம்தான் நின்று நின்று ஓடுகிறது என்பது என் எண்ணம். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.