ஓல்கா ரூப்ட்சோவாவின் இரண்டு மகுடங்கள்

அனைவருக்கும் வணக்கம். பலகைக்கு முன்னால் நேருக்கு நேர் உட்கார்ந்தும், அஞ்சலில் ஆடியும் செஸ்ஸில் உலகச் சாம்பியன் ஆனவர் ஒரே ஒருவர்தான். ஆண்களில்கூட அப்படி யாரும் இல்லை. அவர் மாஸ்கோவில் 1909-ல் பிறந்த ஓல்கா ரூப்ட்சோவா.

சோவியத் பெண்கள் சாம்பியன் பட்டப் போட்டி முதன்முதலாக 1927-ல் நடந்தபோது வென்றவர் அவர். அப்புறம் 1931, 1937, 1949-லும் வென்றார். படிப்பால் பொறியாளர், ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். பெண்கள் உலகச் சாம்பியன் வேரா மென்சிக் 1944-ல் லண்டனில் குண்டுவீச்சில் இறந்தபின் பட்டம் காலியாகவே கிடந்தது. அதற்காக 1949-50-ல் மாஸ்கோவில் நடந்த போட்டியில் ருதென்கோ முதலிடம், ரூப்ட்சோவா இரண்டாமிடம். 1956-ல் முன்னாள் சாம்பியன் ருதென்கோ, அப்போதைய சாம்பியன் பைகோவா இருவரோடும் மோதி, பைகோவாவை அரைப் புள்ளியில் முந்தி உலகப் பட்டம் வென்றபோது ரூப்ட்சோவாவுக்கு வயது 47. இரண்டே ஆண்டில் பைகோவா பட்டத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்.

ரூப்ட்சோவாவின் கதையைப் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. அவருடைய இரண்டாவது மகுடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்தக் காலத்து அஞ்சல் செஸ் எப்படி நடந்தது என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நகர்த்தலை அட்டையில் எழுதி அனுப்புவார்கள். நாட்டுக்கு நாடு காய்களின் பெயர் வேறு என்பதால் எண்களில்தான் எழுதுவார்கள். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254. ஐந்தாம் நெடுவரிசையின் இரண்டாம் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்துக்கு, அவ்வளவுதான். பத்து நகர்த்தலுக்கு யோசிக்க முப்பது நாள் என்பது வழக்கம். தபால் போய்வரும் நாள்கள் அந்தக் கணக்கில் சேராது. ஒரே சமயத்தில் பல ஆட்டங்கள் ஓடும். ஒரு போட்டி முடிய ஆண்டுகள் ஆகும்.

நிதானமான ஆட்டம்தானே, சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நேரில் ஆடும்போது எதிராளிக்குக் கடிகாரம் ஓடும், பதற்றம் வரும், தப்பு செய்வார். இங்கே அவரும் பலகையை விரித்துவைத்து, நாள்கணக்கில் அலசிவிட்டுத்தான் பதில் போடுவார். அவசரத்தில் ஏமாறுகிறவர் யாரும் இல்லை. உண்மையாகவே நல்ல நகர்த்தல்தான் ஜெயிக்கும். இதைக் குறைவான பட்டமாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்களுக்கான முதல் உலக அஞ்சல் செஸ் போட்டி 1968-ல் தொடங்கி 1972-ல் முடிந்தது. வென்றவர் ரூப்ட்சோவா. அறுபதைத் தாண்டியிருந்தார். அடுத்த போட்டி 1977 வரை போனது. அதிலும் லோரா யாகோவ்லெவாவோடு புள்ளிகளில் சமமாக வந்தார். சமநிலையை முறிக்கும் டை-பிரேக் கணக்கில்தான் பட்டம் யாகோவ்லெவாவுக்குக் கைமாறியது. அதற்கடுத்த போட்டியிலும் ஆடி ஐந்தாவதாக வந்தார்.

இதற்கிடையே 1974-ல் சோவியத் பெண்கள் பட்டத்தை வென்றவர் எலெனா பத்தாலிபெகோவா. ரூப்ட்சோவாவின் மகள்.