ரெண்டுங்கெட்டான் கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

என் கேமராவை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்த நண்பர் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: ரெண்டுங்கெட்டான். சட்டைப் பையில் அடங்காது, லென்ஸைக் கழற்றி வேறு மாட்டவும் முடியாது. பார்வைக்கு மட்டும் பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவின் தம்பி மாதிரி நிற்கும். இந்த வகைக்குப் 'பிரிட்ஜ் கேமரா' என்று பெயர். எனக்கென்னவோ நண்பர் வைத்த பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல, விடுமுறை நாள் ஆர்வலன். வாங்கிய முதல் வருடம் முழுக்க நான் செய்தது ஒன்றே ஒன்று: ஜூம். கோபுர உச்சியில் உட்கார்ந்த கழுகு, எதிர்க்கரையில் நிற்கும் படகு என்று எட்டாததை எல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு படமும் தேறவில்லை. நடுப்பகல் வெயிலில் தரையிலிருந்து எழும் சூடான காற்று கானல்போல நெளியும். எட்டக் கிடக்கும் பொருளை எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்து எடுத்தாலும் அது தண்ணீருக்குள் கிடப்பதுபோலத்தான் வரும். அந்தக் குற்றத்தை அநியாயமாகக் கேமராவின் தலையில் போட்டேன்.

சரி, இந்த ஜூம் எப்படிக் கிடைக்கிறது? 2018-இல் வந்த நிக்கான் பி1000 கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் ஜூம் 125 மடங்கு. லென்ஸ் எவ்வளவு நெருக்கமாகக் காட்டும் என்பதைச் சொல்லும் குவியத் தூரம், பழைய பிலிம் கேமரா கணக்கில் 24 மில்லிமீட்டரிலிருந்து 3000 வரை என்று சொல்லப்படுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 539 மில்லிமீட்டர்தான். பொய் ஒன்றும் இல்லை. சூட்சுமம் சென்சாரில், அதாவது பிலிமுக்குப் பதிலாகக் காட்சியைப் பதிவு செய்யும் சில்லில் இருக்கிறது. பழைய பிலிம் சட்டத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். இந்தக் கேமராவின் சென்சாரோ ஏறத்தாழ 6.2-க்கு 4.6, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அவ்வளவு சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் காட்சியின் ஒரு துளிதான் உள்ளே வரும். அந்தத் துளியே படம் முழுவதையும் நிறைப்பதால் பொருள் பக்கத்தில் வந்ததுபோல் இருக்கிறது. அதே நெருக்கத்தைப் பெரிய சென்சாரில் கொண்டுவர வேண்டுமானால், லென்ஸைத் தூக்கிவர இன்னொரு ஆள் வேண்டும்.

கொடுத்த கையே பிடுங்கவும் செய்கிறது. அந்தச் சின்னச் சென்சாரின் பரப்பு, பிலிம் சட்டத்தின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. வெளிச்சம் குறைந்தால் திணறிப்போகும். அக்கா மகள் மேடையில் பாடிய ஒரு மாலை நேரம். அரங்கில் மங்கலான மஞ்சள் விளக்குகள். ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200 வரை ஏற்றி எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், பிள்ளையின் கன்னத்தில் யாரோ மணலைத் தூவியது போல இருந்தது. பின்வரிசையிலிருந்து செல்போனில் எடுத்தவர் படம் என்னுடையதைவிடத் தெளிவு! அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இதற்கு நடுவழியாக 'ஒரு அங்குலச் சென்சார்' வைத்த கேமராக்கள் உண்டு. சோனி ஆர்.எக்ஸ்.10 2013-இலும், பானசோனிக் எஃப்.இசட்.1000 2014-இலும் வந்தன. அளந்து பார்த்தால் அந்தச் சென்சார் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், எந்தப் பக்கம் அளந்தாலும் அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சின்னச் சென்சாரைப் போல நான்கு மடங்கு பரப்பு என்பதால் மாலை வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் ஜூம் குறைந்துவிடும். எது வேண்டும் என்பது அவரவர் பாடு. நான் பறவைப் பைத்தியம், அதனால் சின்னச் சென்சாரோடு சமாதானம் ஆகிவிட்டேன்.

பறவை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முழு ஜூமில் வைத்துக்கொண்டு கிளையில் இருக்கும் மீன்கொத்தியைத் தேடினால், இலை, இலை, வானம், மறுபடி இலை. அதற்குள் அது பறந்திருக்கும். ஜூமைக் குறைத்து, பறவையைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி, அப்புறம் மெல்ல இழுக்க வேண்டும். பின்திரையைப் பார்த்துக் கையை நீட்டி எடுக்காமல், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைப் புருவத்தோடு அழுத்தி, முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டால் பாதி ஆட்டம் அடங்கிவிடும். டிஜிட்டல் ஜூமைப் பற்றிப் பேசவே வேண்டாம், அணைத்து வையுங்கள். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதை அதுவே செய்து காட்டுகிறது, வேறொன்றுமில்லை.

அந்த மீன்கொத்தி பறந்த கையோடு, ஜூமை முழுக்கக் குறைத்துக் காலடிப் புல்லில் ஊரும் எறும்பை ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் எடுக்கலாம். லென்ஸ் மாற்ற வேண்டாம், உள்ளே தூசி விழுமே என்று பயப்படவும் வேண்டாம். லென்ஸின் நிழல் எறும்பின்மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய கேமரா வைத்திருக்கும் நண்பர் பையைத் திறப்பதற்குள் எறும்பு போய்விடும். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அப்புறம் நிலா. கேமராவை ஆட்டோ முறையில் வைத்து எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் கிடைக்கும். கேமரா சுற்றியுள்ள இருட்டைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலாவோ சூரிய வெயிலில் காயும் பாறை. அதை வெயில் காட்சியாகவே நினைத்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் முறையில் ஐ.எஸ்.ஓ. 100, வெளிச்சம் நுழையும் துளை எஃப்8, ஷட்டர் 1/200 நொடியை ஒட்டி வையுங்கள். பௌர்ணமியைவிட வளர்பிறை எட்டாம் நாள் நல்லது. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் நிழல் நீண்டு விழுவதால் பள்ளங்கள் செதுக்கியதுபோலத் தெரியும். ட்ரைபாடில் வைத்து, விரல் பட்டு ஆடாமலிருக்க இரண்டு நொடி டைமரைப் போட்டுவிடுங்கள்.

ஒருநாள் மொட்டை மாடியில் அப்படி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பூமி சுற்றுவதால் நிலா தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். பெரிய ஜூமில் அந்த நகர்வு கண்ணெதிரே தெரியும். திரையின் ஓரத்தை நோக்கி நிலா ஊர்ந்து போவதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள், கேமராவின் மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தாள். "மாமா, யாரு அதைத் தள்ளுறாங்க?" என்றாள்.

நன்றி, வணக்கம்.