முதல் இரண்டு மணித்தியாலம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஹீமோபிலியா எனப்படும் குருதி உறையாமை நோயுடன் வன்னியில் வாழ்பவர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் உதவிவரும் ஒரு சிறிய தொண்டர் அமைப்பின் பணி பற்றிப் பேசுமாறு இந்நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அரச வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி, ஓய்வு பெற்றபின் இவ்வமைப்பில் இணைந்தவள் நான். தொண்டு என்றதும் பணமும் பொருளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் தேடிக்கொடுக்க முயல்வதோ நேரத்தை. குருதிக் கசிவு தொடங்கியதற்கும் மருந்து உடலில் ஏறுவதற்கும் இடையிலுள்ள பொழுதை எவ்வளவு குறைக்கலாம் என்பதே எங்கள் வேலை முழுவதும்.

இந்நோய் உள்ளவருக்குச் சிறு கீறல் பட்டாலே இரத்தம் பெருகி உயிர் போய்விடும் என்றோர் எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. குளக்கட்டில் உடைப்பு எடுத்தால் முதலில் மண்மூட்டைகளை அடுக்கி, பிறகு களிமண் இட்டு இறுக்குவோம் அல்லவா? குருதிச் சிறுதட்டுகள் கூடி அடைப்பது மூட்டை அடுக்குவது. பைபிரின் இழைகள் பின்னி இறுகுவது களிமண் வேலை. ஹீமோபிலியா உள்ளவரிடம் முதல் வேலை ஒழுங்காக நடக்கும். இரண்டாவதற்கு வேண்டிய, உறைதற் காரணிகள் எனப்படும் குருதிப் புரதங்களில் எட்டாம் காரணி ‘ஏ’ வகை நோயாளரிடமும், ஒன்பதாம் காரணி ‘பீ’ வகை நோயாளரிடமும் குறைவாக இருப்பதால், அது கைகூடுவதில்லை. எனவே தோலில் படும் சிறு கீறல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆபத்து உள்ளே இருக்கிறது: முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளிலும் தசைகளிலும், அரிதாக, ஆனால் மிகக் கொடிதாக, மூளையிலும். காரணியின் அளவு வழமையில் 1 வீதத்துக்கும் குறைந்திருக்கும் கடுமையான நோயாளருக்கு, எங்கும் அடிபடாமலேயே மூட்டுக்குள் குருதி கசியலாம்.

ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் குருதி சேருமானால் அதன் உட்சவ்வு தடித்து, குருத்தெலும்பு அரிபட்டு, பள்ளிப் பருவம் முடிவதற்குள்ளேயே கால் நிமிராமற் போய்விடும். கசிவு தொடங்கியவுடன், இயன்றால் இரண்டு மணித்தியாலத்துக்குள், குறைந்துள்ள காரணியை நாளத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாலேதான். வீக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே மூட்டுக்குள் ஒருவிதச் சிலிர்ப்பும் இளஞ்சூடும் பிள்ளைக்குத் தெரியும். “அம்மா, முழங்காலுக்குள் என்னவோ செய்யுது” என்று அது சொல்லும் கணத்திலிருந்து மணி எண்ணப்பட வேண்டும்.

அந்த இரண்டு மணித்தியாலத்தை வன்னியில் வைத்துப் பாருங்கள். துணுக்காய்ப் பக்கத்திலோ நெடுங்கேணிக்கு உட்புறமாகவோ ஒரு குடும்பம். தகப்பன் வயலில் அல்லது கடலில். கடைசி பஸ் போய்விட்டது. வீட்டிலிருக்கும் பெரியவர்கள் அதனைச் சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தடவி உருவிவிட்டு, சூட்டு ஒத்தணம் கொடுப்பார்கள். அன்பினாற் செய்யும் இந்த இரண்டும் உள்ளே கசியும் குருதியை மேலும் கசியச் செய்யும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, காலை உயர்த்தி, அசையாமல் இருத்துவதே செய்யவேண்டியது. மருந்துக்கடைக்குப் போனால் நோவுக்கு அஸ்பிரினோ டைக்குளோபினாக்கோ கொடுக்கக்கூடும். அவை குருதிச் சிறுதட்டுகளின் வேலையையும் கெடுப்பவை என்பதால், நோவுக்கு பரசிற்றமோல் மட்டுமே உகந்தது. அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையில், நோயின் பெயரைச் சொல்ல வீட்டார் மறந்துவிட்டால், வலிக்கான ஊசி தசைக்குள் போடப்பட்டு, அந்த இடத்திலேயே இன்னொரு கசிவு தொடங்கிவிடுவதும் உண்டு.

ஆகவே எங்கள் தொண்டர்கள் ஒரு வீட்டுக்குப் போனதும் செய்யும் முதல் காரியம் பண உதவி அன்று. நோயின் வகை, கடுமை, குருதி வகை, உடல் நிறை, கிளினிக் நடைபெறும் வைத்தியசாலை ஆகியவை மும்மொழியிலும் எழுதப்பட்ட அட்டையொன்றைப் பிள்ளையின் புத்தகப்பையில் வைக்கிறோம். எந்த நேரத்திலும் வரச் சம்மதிக்கும் ஓட்டோச் சாரதி ஒருவரை அதே கிராமத்தில் தேடிப் பேசி, கூலியை அமைப்பு கொடுக்கும் என்று உறுதி சொல்கிறோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் இயங்குகிறது. ஆயினும் நள்ளிரவில் பதற்றத்துடன் பேசும் தாய்க்கு என்ன சொல்வது என்று தெரியாமற் போகலாம் என்பதால், சொல்லவேண்டிய இரண்டு வசனங்களைத் தொலைபேசிக்கு அருகே எழுதி ஒட்டுகிறோம். காரணி மருந்து பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டியது. கிளினிக் வைத்தியர் அனுமதித்து, தாதியர் பயிற்றுவித்து, வீட்டிலேயே ஊசி ஏற்றக் கற்றுக்கொண்ட குடும்பங்களுக்கு ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டியும் அதன் மின்கட்டணமும் போதும். நெடுந்தூரப் பயணம் ஒன்று இல்லாமற் போகிறது.

இங்கே மனதிற் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்ந்த உறவுகள் மனமுவந்து உதவுகிறார்கள். ஆனால் சக்கர நாற்காலி கையளிப்பதைப் படம் பிடிக்கலாம். மின்கட்டணத்தையும் ஓட்டோக் கூலியையும் படம் பிடிக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறதென்றால், அநேகமாக அதற்கு முன் பல இரவுகள் அந்தப் பிள்ளைக்கு மருந்து நேரத்துக்குக் கிடைக்காமற் போயிருக்கின்றன. நாற்காலிக்குத் தரும் காசில் பாதியையாவது அந்த இரவுகளுக்குத் தாருங்கள் என்று கேட்பேன்.

மருந்து விலை மிக உயர்ந்தது. அரச வைத்தியசாலைகளில் இலவசமாக வழங்கப்பட்டாலும் எல்லா வேளையும் போதிய இருப்பு இருப்பதில்லை. கடுமையான இந்நோயுடன் வாழ்ந்த பிராங்க் ஷ்னாபெல் என்பவரின் முயற்சியால் 1963 இல் தொடங்கப்பட்ட உலக ஹீமோபிலியா சம்மேளனம், வசதி குறைந்த நாடுகளுக்கு நன்கொடையாக மருந்து அனுப்பும் திட்டத்தை 1996 முதல் நடத்துகிறது. ஷ்னாபெல், நோய்க்கிருமி கலந்த குருதிப் பொருட்களால் எய்ட்ஸ் தொற்றி 1987 இல் இறந்தார். அவர் பிறந்த ஏப்பிரல் 17 ஆம் திகதியே 1989 முதல் உலக ஹீமோபிலியா தினமாக இருக்கிறது. இன்றைய மருந்துகள் கிருமியழிக்கப்பட்டோ, குருதியே இல்லாமல் உயிர்த்தொழினுட்பத்தாலோ தயாரிக்கப்படுபவை. அந்தப் பழைய அச்சத்தால் மருந்தைத் தவிர்ப்போர் இருந்தால் வைத்தியருடன் பேசவேண்டும்.

எங்களுக்கு மிகக் கடினமான வேலை நோயாளரைக் கண்டுபிடிப்பது. ஏ வகை, பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் சேர்த்து நாலே முக்கால் இலட்சம் பேர் அளவில் இருந்தார்கள். அவ்விகிதத்தில் நாற்பது பேரளவிலாவது இருக்கவேண்டும். அத்தனை பேர் எங்கள் பதிவேட்டில் இல்லை. குறைபாடுள்ள மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், அம்மரபணுவைத் தன்னிடம் சுமக்கும் ‘காவி’யான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. வழமையாக வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி, “தாய்மாமன்மாரில் யாருக்கேனும் இப்படி இருந்ததா?” என்பது. இடம்பெயர்வுகளில் மாமன்மாரையும் பழைய நோய்க் கொப்பிகளையும் ஒன்றாக இழந்த குடும்பங்களிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தவிரவும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இந்நோய் குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிய மரபணு மாற்றத்தால் தோன்றுகிறது. இதைப் புகுந்த வீட்டாருக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளையின் நோய்க்குத் தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சு இன்னும் ஓயவில்லை.

இதில் எமக்கு உற்ற துணை குடும்பநல உத்தியோகத்தர்கள். பிள்ளை தவழத் தொடங்கியதும் காரணமின்றி உடலில் நீலத் தழும்புகள் காண்பது, தடுப்பூசி போட்ட இடம் கட்டியாக வீங்குவது, சுன்னத்துச் செய்தபின் அல்லது பால்பல் விழுந்தபின் குருதி விட்டுவிட்டு ஒழுகிக்கொண்டே இருப்பது ஆகியவற்றைக் கண்டால், அவர்கள் வைத்தியரிடம் அனுப்புவதோடு எங்களுக்கும் பெற்றோரின் சம்மதத்துடன் அறிவிக்கிறார்கள். காவியான பெண் கர்ப்பமுற்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். பிரசவத்தின்போது அவருக்கும் குருதிப்பெருக்கு ஏற்படலாம், ஆயுதம் கொண்டு குழந்தையை எடுப்பதைத் தவிர்ப்பதும் நன்று.

பாடசாலை அதிபர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். இப்பிள்ளைகளை விளையாட்டு நேரத்தில் வகுப்பறைக்குள் இருத்தி வைக்காதீர்கள். உதைபந்தும் மல்யுத்தமும் வேண்டாம். நடையும், மேற்பார்வையுடன் நீச்சலும் மூட்டைத் தாங்கும் தசைகளைப் பலப்படுத்தும். பிள்ளை “கால் என்னவோ செய்யுது” என்று எழுந்து சொன்னால், பாடம் முடியும்வரை பொறுக்கச் சொல்லாமல், புத்தகப்பையில் இருக்கும் அட்டையை எடுத்து அதிலுள்ள இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். நன்றி, வணக்கம்.