ஒற்றியூர் மகிழமும் ராயபுரத்துச் சேவலும்

நேயர்களுக்கு வணக்கம். சமய நூல்களை உண்மையென்று நம்பலாமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சாமியாரும் இல்லை, நாத்திகரும் இல்லை. ஜார்ஜ் டவுன் அச்சகங்களில் புரூஃப் பார்த்துப் பிழைத்தவன், குடியிருப்பது தண்டையார்பேட்டையில். தேவாரமும் பைபிள் வசனப் புத்தகமும் தொழுகை முறை நூலும் ஒரே மேசைக்குத்தான் வந்து சேரும். எழுத்துப் பிழைக்கு மத பேதம் கிடையாது. ஒரே சொல்லில் முடிகிற இரண்டு வரி பக்கத்தில் பக்கத்தில் வந்தால், அச்சுக் கோப்பவரின் கண் முதல் வரியிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். நடுவில் இருந்தது போயே போச்சு. ஓலையில் எழுதியவருக்கும் இதே கண்தான். அந்தத் தொழில் புத்தியோடுதான் இந்தக் கேள்வியையும் பார்க்கிறேன்.

திருவொற்றியூர் சிவன் கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை நடக்கும், சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த கதையைக் கொண்டாடுவது. போனவர்களுக்குத் தெரியும், நெரிசலில் மூச்சு விட முடியாது. திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கும்போதே, தேவாரம் பாடிய நாயனார் சுந்தரர் இங்கே பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு மயங்குகிறார். அவரைக் கட்டிக்கொள்ள, உன்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். உடனே அவர் சாமியிடமே போய், சத்தியம் செய்யும் நேரம் மட்டும் நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று கேட்டுக்கொள்கிறார். சாமி சரி என்கிறார். அப்புறம் சங்கிலியார் கனவில் போய், கோயிலுக்குள் வேண்டாம், மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார்! மாட்டிக்கொண்ட சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்கிறார். பின்னொரு நாள் ஆரூர் நினைப்பு வந்து கிளம்பிப் போகிறார். ஒற்றியூர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. ஒரு மாசியில் என் பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா, “சாமியையே வெளிய அனுப்பிட்டுப் பொண்ண ஏமாத்தப் பாத்தாரு பாரு, அந்த வாய்க்குத்தான் கண்ணு போச்சு” என்றார். உரை எழுதியவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கிச் சொன்னதில்லை.

இது நடந்ததா? சாட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கோயிலிலேயே சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. ஆளுடைய நம்பி புராணம் படிக்கக் கேட்டதை அது சொல்கிறது. ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர்தான். இதிலிருந்து நமக்குத் தெரிவது, அந்தக் காலத்தில் இதே இடத்தில் இந்தக் கதையைப் படித்தார்கள் என்பது மட்டும். கனவு, அதில் நடந்த பேச்சு எல்லாம் விரிவாக இருப்பது பெரியபுராணம் எழுதிய சேக்கிழாரிடம். அவரும் அதே நூற்றாண்டுக்காரர். சுந்தரருக்கும் அவருக்கும் நடுவே சில நூற்றாண்டுகள். ஆனால் சுந்தரரின் சொந்தப் பதிகங்கள் இருக்கின்றனவே. முல்லைவாயிலில் பாடும்போது, சங்கிலிக்காக என் கண்ணைப் பறித்துக்கொண்டாயே என்கிறார். வெண்பாக்கத்தில் இன்னும் வெளிப்படை. மகிழடியில் போய் இரு என்று நான் சொல்ல, எனக்குத் தெரியாமல் சத்தியத்தையும் மகிழடியிலேயே வைக்கச் சொன்னாயே என்று சாமியிடமே புலம்புகிறார்.

எனக்கு இதில் நம்பிக்கை வருவது கண் போன அதிசயத்தால் இல்லை. தன் திருட்டுத்தனத்தைத் தானே பாட்டில் ஏற்றி வைத்திருக்கிறார். அதைப் போற்றிக் காத்த சைவர்களும், நாயனாருக்கு இழுக்காச்சே என்று அந்த வரியைக் கிள்ளி எறியவில்லை. பெருமைக்குக் கதை கட்டுகிறவன் இப்படிக் கட்ட மாட்டான்.

ஒற்றியூரிலிருந்து தெற்கே வந்தால் ராயபுரம். இயேசுவின் சீடர் பேதுருவைத்தான் இராயப்பர் என்பார்கள், அவர் பேரில்தான் ஊரே. அவர் என்ன செய்தார்? குருவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சாதித்தார், சேவல் கூவியது. சுவிசேஷம் எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நாலு பேரும் இதை விடாமல் எழுதியிருக்கிறார்கள். சபையின் மூத்தவரைப் பற்றி இப்படி ஒரு சேதி, மறைக்கவே வழியில்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் நாலிலும் நிற்கும் என்பது என் கணக்கு.

அதற்காக எல்லா வரியையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனம் 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டில், சைனாட்டிகஸிலும் வாட்டிகானஸிலும், இல்லவே இல்லை. விசுவாசிகள் பாம்புகளை எடுப்பார்கள் என்ற வசனம் அந்தப் பகுதியில்தான் வருகிறது. அமெரிக்க மலைப்பகுதிச் சபைகள் சிலவற்றில் அதை நம்பி நச்சுப்பாம்பைக் கையில் பிடித்து, கடி வாங்கிச் செத்தவர்கள் உண்டு. பைபிள் ஆராய்ச்சியாளர்கள் பின்னால் சேர்ந்தது என்று கருதும் ஒரு வரிக்குப் போன உயிர்கள் அவை.

இன்னொரு குழப்பமும் உண்டு. வேதத்தைப் பதம், கிரமம், ஜடை, கனம் என்று முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதியே எழுத்து பிசகாமல் காத்தார்கள். ரமலான் இரவுகளில் மண்ணடிப் பள்ளிவாசல்களில் ஹாஃபிழ்கள் குர்ஆனை மனப்பாடமாக ஓதுவதைக் கேட்டிருப்பீர்கள். பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் எழுத்து மாறாமல் வந்தது என்பது வேறு, எழுதியிருப்பது நடந்தது என்பது வேறு. முதலாவதைச் சரிபார்க்க என் போன்றவன் போதும். இரண்டாவதற்கு வேறு சாட்சி வேண்டும்.

விமானம், அணுகுண்டு எல்லாம் ஏற்கெனவே நம் நூலில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. வைமானிக சாஸ்திரத்தை 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து, நூலே 20ஆம் நூற்றாண்டில் எழுதியது, அதில் சொன்ன விமானம் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். ரிக்வேதமே படைப்பைப் பற்றிய ஒரு பாட்டில், இது எங்கிருந்து வந்ததென்று மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்னவோ என்று முடிக்கிறது. பாடியவருக்கு இருந்த அடக்கம் ஃபார்வர்டு செய்கிறவருக்கு இல்லை.

வள்ளலார் நம்ம பக்கத்து ஆள். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் இருந்துகொண்டு கந்தகோட்டத்துக்கும் ஒற்றியூருக்கும் போய் மனமுருகிப் பாடியவர். 1867இல் அவர் பாட்டுகள் திருவருட்பா என்று அச்சானபோது, தேவாரம் போன்றவற்றுக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும் என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் சண்டைக்கு வந்தார். இத்தனைக்கும் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர் நாவலர்! 1873இல் மேட்டுக்குப்பத்தில் பேசும்போது வள்ளலார், வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம், உண்மையைச் சொல்லாமல் மண் போட்டு மூடிவிட்டார்கள் என்றே சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வள்ளலாரின் சன்மார்க்க நெறியில் தீவிரமானவர். புராணப் பேச்சு எடுத்தாலே, “அதெல்லாம் பொய்யிப்பா, வள்ளலாரே சொல்லிட்டாரு” என்பார். ஒரு சாயங்காலம் டீக்கடையில் கேட்டேன்: “அண்ணே, அவரே சொல்லிட்டாருன்னுதானே இதையும் நம்புறீங்க? அந்தப் பேச்சைக்கூடக் கேட்டவங்க எழுதி வச்சதுலருந்துதானே நாம படிக்கிறோம்?” அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். “உன்னைலாம் புரூஃப் பாக்க விட்டதே தப்புடா” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு டீக்கும் காசு நான்தான் கொடுத்தேன். வணக்கம்.