திருவாரூர் போகிறவர்கள் கொள்ளம்பூதூருக்கும் போக வேண்டும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் இருந்தும் அம்பாறையில் இருந்தும் ஆண்டுதோறும் நிறையப் பேர் தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறார்கள். சிதம்பரம், வைத்தீசுவரன் கோயில், திருநள்ளாறு, மதுரை, இராமேசுவரம் என்று பயண ஏற்பாட்டாளர் எழுதிக் கொடுத்த வரிசைப்படி வான் ஓடும். திருவாரூர் அந்த வரிசையில் இருந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் அர்ச்சனை முடிந்து, விபூதிப் பொட்டலத்தோடு வண்டியில் ஏறிவிட வேண்டும். அந்த ஊருக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் நான் இன்று வந்திருக்கிறேன். கிழக்கிலங்கையில் பிறந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தில் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தஞ்சாவூரில் இருந்து ரயிலில் போவது நல்லது. வழி நெடுக வயலும் வாய்க்காலுமாக இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல் நிறைந்த படுவான்கரையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த நிலம் அந்நியமாகத் தெரியாது. ஊரும் ஆரவாரம் இல்லாத ஊர். ஆனால் கோயிலைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி' என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வழங்கும் பேச்சு. வேலி என்பது பழைய நில அளவை. கோயிலுக்கு மேற்கே கமலாலயக் குளம் கிடக்கிறது. அதன் நடுவே ஒரு சிறு திட்டும், திட்டில் ஒரு சிவன் கோயிலும். வெயில் தாழ்ந்த பிறகு அந்தப் படிக்கட்டில் போய் இருங்கள்.

சங்கீத மும்மூர்த்திகள் என்று நாம் சொல்கிற சியாமா சாஸ்திரிகள், தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்தது இந்த ஒரே ஊரில்தான். அதுவும் 1762க்கும் 1776க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்குள். இதைத் தெய்வச் செயல் என்பார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அந்த ஊர் பல நூறு ஆண்டுகளாகப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. சுந்தரர் திருத்தொண்டத் தொகை பாடியது இந்தக் கோயிலில்தான். தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை பழைய ஓவியர்கள் வரிசை வரிசையாகத் தீட்டி, படங்களின் கீழே தமிழில் விளக்கமும் எழுதிவைத்திருக்கிறார்கள். கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்த்து வாசியுங்கள். தீட்சிதர் கமலாம்பாள் மீது நவாவரணக் கீர்த்தனைகளைப் பாடியதும் இங்கேதான். அந்த அம்மன் சன்னதியில் நின்று ஒரு கீர்த்தனையை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிற சுகம், சபாக்களின் முன்வரிசையில் கிடைக்காது.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது பஞ்சமுக வாத்தியம். பெரிய வெண்கலக் குடம் ஒன்றுக்கு ஐந்து வாய். நடுவில் ஒன்று பெரிது, சுற்றிலும் நான்கு. ஒவ்வொன்றும் தோல் போர்த்தது. சக்கரம் வைத்த தாங்கியில் அதை நிறுத்தி, வாசிப்பவர் வெறுங்கையால் முகம் மாற்றி முகம் தட்டுகிறார். ஐந்து முகமும் ஐந்து குரலில் பேசுகின்றன. குடம் ஒன்றே என்பதால் எல்லாம் உள்ளே போய்க் கலந்து ஒரே முழக்கமாக வெளியே வருகிறது. இந்த முழவைப் பரம்பரையாக வாசிக்கும் குடும்பத்தார் அந்தக் கோயிலுக்கு உண்டு. உடன் ஊதுவதற்குப் பாரி நாயனம் என்ற பழைய நாகசுரமும் உண்டு. உலகத்தில் எத்தனையோ தோற்கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. இது ஏன் போகவில்லை? பூசைக்கு அது தேவைப்படுகிறது, வாசிக்க ஆள் வந்தாக வேண்டும், வருகிறவருக்கு முறையும் பங்கும் இருக்கிறது. நான் கண்ட காரணம் இதுதான்.

இனி அந்தக் கடமை. திருவாரூர் மாவட்டத்திலேயே, குடவாசல் வட்டத்தில், வெட்டாற்றங்கரையில் திருக்கொள்ளம்பூதூர் என்ற சிற்றூர் இருக்கிறது. சுவாமி வில்வவனநாதர். ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போனபோது, திருஞானசம்பந்தர் அடியார்களோடு ஓடத்தில் ஏறிப் பதிகம் பாட, ஓடம் தானே அக்கரை சேர்ந்தது என்பது தலவரலாறு. இன்றும் அங்கே ஓடத் திருவிழா நடக்கிறது. அந்தக் கோயிலில்தான் 1947 ஜூன் மாதத்தில் நம் சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் யாழை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. சுவாமி ஆராய்ந்து மீட்ட யாழ் வடிவங்களை ஊர்வலமாகக் கொண்டு சென்று, அவையில் இசைத்தும் காட்டினார்கள்.

காரைதீவில் 1892இல் பிறந்தவர் அவர். படித்தது விஞ்ஞானம், இலண்டன் பல்கலைக்கழகப் பட்டதாரி. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, நரம்பின் நீளம் அளந்து, 21 நரம்புப் பேரியாழ், 14 நரம்புச் சகோடயாழ், 7 நரம்புச் செங்கோட்டியாழ் ஆகியவற்றின் இசையையும் அமைப்பையும் தேடினார். அந்த உழைப்பு ஏறத்தாழ 14 ஆண்டுகள். அரங்கேற்றம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 19ஆம் திகதி கண்மூடினார். கல்லடி சிவானந்தா வித்தியாலயத்தில் உள்ள அவருடைய சமாதிக்கு நாம் மலர் வைக்கிறோம். அவர் வாழ்நாள் உழைப்பு அரங்கேறிய மண்ணை நம்மில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்?

அந்தக் கோயில் மண்டபத்தில் நின்றபோது எனக்குக் காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயில்தான் நினைவுக்கு வந்தது. வைகாசிச் சடங்கும் அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடலும் காதில் விழ வளர்ந்த பிள்ளை, பெரியவனாகிச் சிலப்பதிகாரத்தைத் திறந்து அதன் இசையைத் தேடியதில் என்ன வியப்பு? ஏட்டில் படிப்பதற்கு முன்பே கண்ணகி அவருக்கு ஊர்த் தெய்வம். இதை எந்த ஆராய்ச்சியாளரும் எனக்குச் சொல்லவில்லை. நானே உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே நம் கோயில்களை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாருக்கும், சடங்கு செய்யும் பூசகர்களான கட்டாடியார்மாருக்கும் ஒரு விண்ணப்பம். யாழ் அழிந்துபோனதால் அதைக் கணக்கிலும் ஏட்டிலும் தேடி எடுக்க நமக்கு ஒரு விபுலாநந்தர் வேண்டியிருந்தது. உடுக்கும் பறைமேளமும் நம்மிடம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கண்ணகியின் கதையைப் பாடும் கண்ணகி வழக்குரையை நீட்டிப் பாடத் தெரிந்த முதியவர்கள் ஊரூராக இருக்கிறார்கள். ஆனால் சில கோயில்களில் சடங்கு இரவில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, பாடுகிறவரைப் பார்வையாளராக இருத்திவிடுகிறார்கள். பறைமேளக்காரரின் மேளம் வேண்டும், அவருக்கு மதிப்பும் சரியான கூலியும் கொடுக்க மாட்டோம் என்பதும் நியாயம் ஆகாது.

வருகிற வைகாசியில் சடங்குக்காக அம்மன் கோயில் கதவு திறந்த நாளில் இருந்தே ஒலிபெருக்கியை நிறுத்தி, பாடத் தெரிந்தவரின் கையில் உடுக்கைக் கொடுங்கள். பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை இருத்துங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் மேளக்காரருக்கும் கொடுக்க வேண்டியதைத் தனிப்பட்டவர் தருமமாக விடாமல், கோயில் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.