ஈசல் என்று சொன்னீர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணியினருக்கும் வணக்கம், இன்று அவர்களுக்கு அது தேவைப்படும்.

தோற்ற அணியை ரசிகர் திட்டுவது அன்பா, அநியாயமா? அன்புதான் என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் எதிரணித் தலைவர் இந்திய ஹாக்கி ரசிகர்களை ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போனார். "ஈசல்கள்" என்றார். ஒலிம்பிக் மழை பெய்தால் கிளம்புவார்களாம், விளக்கைச் சுற்றுவார்களாம், தோற்றதும் திட்டிவிட்டு இறக்கையை உதிர்த்துவிடுவார்களாம். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஈசலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் பெரியப்பா.

பெரியப்பாவுக்குக் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கும் ஹாக்கிக்கும் பெயர் போன ஊர். 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதி. நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்கு ஜெர்மனியோடு ஆட்டம். ஏழாவது நிமிடத்தில் நம் கேப்டன் ஹர்மன்பிரீத் கோல் போட்டார். அந்த நிமிடத்திலிருந்து பெரியப்பா நாற்காலியில் அசையவில்லை. அசைந்தால் ராசி போய்விடும். பெரியம்மா பாவம், தண்ணீர்ச் செம்போடு குறுக்கே வந்தார். ஜெர்மனியின் பெய்லாட் பெனால்டி கார்னரில் சமன் செய்துவிட்டார். தப்பு பெய்லாட்டுடையது அல்ல, செம்புடையது! "அவர் 2016இல் அர்ஜென்டினாவுக்காக ஆடித் தங்கம் வாங்கியவர், பெரியப்பா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "அங்கே வாங்கியது போதாதா அவனுக்கு?" என்று என்மேல் பாய்ந்தார், நான்தான் பெய்லாட்டை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்ததுபோல.

54ஆவது நிமிடத்தில் ஜெர்மனிக்கு மூன்றாவது கோல். கடைசியில் நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கினார்கள். ஷம்ஷேர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனது. 3-2. முடிந்தது.

ரிமோட் பறந்தது. சுவரில் மோதி, மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். ஒரு பேட்டரி என் காலடியில் நின்றது. இன்னொன்று உருண்டு உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. பெரியப்பா எழுந்து நின்று அறிவித்தார்: "இனி நான் ஹாக்கி பார்த்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்."

இப்போது ஆகஸ்ட் 8. வெண்கலத்துக்கான ஆட்டம், ஸ்பெயினோடு, மாலை ஐந்தரைக்கு. நான்கு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். ஆளைக் காணோம். பீரோவுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன!

ஒரு கையில் டார்ச். மறு கையில், நடுவர் அவர்களே, ஹாக்கி மட்டை. அவர் இளமையில் ஆடிய மட்டை. முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்தது, பேட்டரியைத் தள்ளி எடுக்க இறங்கி வந்திருக்கிறது. ஒரு சீப்பு வந்தது. நாலணா வந்தது. பெரியம்மா ஆறு மாதமாகத் தேடிய ஊக்கு வந்தது. பேட்டரி வரவில்லை. பெரியம்மா அமைதியாகக் கேட்டார்: "என்னங்க, ஜோசியரிடம் கேட்டுவிட்டேன். கந்தசாமி நன்றாக இருக்கிறதாம். வைத்துவிடலாமா?"

அவர் பதில் பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் பேட்டரியை உருவினார். (எங்கள் வீட்டு ரிமோட் பழையது, அதற்கும் அதே அளவுதான்.) கடிகாரம் நாலே முக்காலில் நின்றது. டிவி ஓடியது. 2-1, வெண்கலம். இரண்டு கோலும் ஹர்மன்பிரீத். கந்தசாமி அழுதுகொண்டிருந்தார்.

இப்போது ஈசலுக்கு வருகிறேன். ஐயா, ஈசல் வானத்திலிருந்தா விழுகிறது? புற்றிலிருந்து வருகிறது. நீங்கள் பார்க்காத நாளெல்லாம் அது மண்ணுக்கு அடியில்தான் இருந்தது. 1980இல் நம் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினோம். அன்றும் எதிரே ஸ்பெயின்தான், 4-3. அதற்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2021இல், டோக்கியோவில். நாற்பத்தொரு ஆண்டுகள்! 2008இல் பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. மழையே பெய்யாத ஆண்டு அது. 2012 லண்டனில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். ஈசல் என்றால் அன்றே செத்திருக்க வேண்டாமா? 2023இல் எழும்பூர் மைதானத்தில், ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில், இடைவேளையில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்தோமே, அப்போதும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்து 4-3 என்று வென்றதைப் பார்த்த கூட்டம் எந்த விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது? ஈசல் என்று சொல்லுங்கள், கோபமில்லை. புற்று எங்கே என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

எதிரணி 1982ஐ எடுத்தது. டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7. நம் கோல்கீப்பர் நேகி நாட்டையே விற்றுவிட்டார் என்று பேசினார்கள். அப்படிப் பேசியது உண்மைதான். அது திட்டு இல்லை, பழி. பெரியப்பாவும் அன்று அதைப் பேசியிருக்கிறார். வயதான பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மதிப்பெண்ணை அவர்கள் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள்.

போன ஆண்டு பெரியப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பீரோவை நகர்த்தினோம். சுவரோரத்தில், தூசிக்குள், அந்த பேட்டரி. கசிந்து, பச்சை பூத்துப்போயிருந்தது. குப்பையில் போடப் போனேன். பெரியம்மா என் கையிலிருந்து வாங்கிச் சேலை முந்தானையில் துடைத்தார்.

"அது செத்துப்போய்விட்டது, பெரியம்மா" என்றேன்.

"இருக்கட்டும்டா" என்று மறுபடியும் பீரோவுக்கு அடியிலேயே உருட்டிவிட்டார். "அடுத்த ஒலிம்பிக் வருகிறதே, தேடுவார்."

நன்றி. வணக்கம்.